17சி இல்லாமல் பூத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்

கேள்வி: வரும் தேர்தலில் பூத் ஏஜெண்டாக உட்காரப் போகிறேன். ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணும் நாள் வரை ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் இயந்திரத்தை யாராவது மாற்றிவிட்டால் எப்படித் தெரியும்?

பதில்: பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் படிவம் 17சி-யின் முதல் பகுதி உங்கள் கையில் இருந்தால் தெரியும். கண்ட்ரோல் யூனிட்டின் (ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் பகுதி) எண், அதில் பதிவான மொத்த ஓட்டு, காகித முத்திரைகளின் எண்கள் எல்லாம் அதில் உண்டு. எண்ணும் மேசையில் இவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒன்று பிசகினாலும், ‘ரிசல்ட்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.

தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ் படி, ஓட்டுப்பதிவு முடியும்போது பூத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் நகல் தந்தாக வேண்டும். நடப்பதென்ன? மதியமே வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, “அப்புறம் நிரப்பிக்கலாம் சார்” என்பார்கள். போடாதீர்கள். பாதி ஏஜெண்டுகள் ஐந்து மணிக்கே பிரியாணிக்குக் கிளம்பிவிடுவதால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை.

ஒரு வித்தியாசத்துக்கு மட்டும் பதறாதீர்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் 812 பேர், இயந்திரத்தில் 811 ஓட்டு என்று வரலாம். கையெழுத்துப் போட்டு மை வைத்த பிறகு ‘ஓட்டுப் போட விருப்பமில்லை’ என்று திரும்பியவர் இருந்தால் அப்படித்தான் வரும். அது விதி 49ஓ கணக்கு. 17சி-யில் அதற்குத் தனி வரி இருக்கிறது. அந்த வரியில் 1 என்று எழுதியிருந்தால் கணக்கு நேர். எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே எழுத வையுங்கள், மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

இயந்திரத்தில் 50 ஓட்டு அதிகமாக இருந்தால் வேறு சங்கதி. காலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவை அழிக்க மறந்திருப்பார்கள். அதனால் ‘கிளியர்’ அழுத்தியதும் மொத்தம் பூஜ்யம் காட்டுகிறதா, விவிபேட் (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிடும் கருவி) பெட்டி காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முத்திரைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

‘புளூடூத்தில் மாத்தித் தர்றேன்’, ‘எதிராளி செட் பண்ணினதை எடுத்துடறேன்’ என்று வேட்பாளரிடம் லட்சக்கணக்கில் கேட்டு வரும் ஆட்கள் மோசடிக்காரர்கள். இயந்திரத்தில் கம்பியில்லாத் தொடர்பே கிடையாது. சந்தேகம் நிஜமானால் சட்டப்படி வழி இருக்கிறது: உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-இல் தந்த தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டி, தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோ கண்ட்ரோலர் (இயந்திரத்தை இயக்கும் சிப்) நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லலாம். எந்தெந்த பூத் என்று அவர்களே குறிப்பிடலாம். அதற்கும் 17சி நகல் கைகொடுக்கும்.