குற்றவாளி செல்போன் இல்லை

கேள்வி: ஆர்மேனியாவில் அறிவுத்துறையும் பண்பாடும் சரிந்துவிட்டன என்று அந்நாட்டு எழுத்தாளர்களே புலம்புவதாகப் படித்தேன். 1600 வருடப் பழைய எழுத்தைச் சாமியாகக் கும்பிடுகிற இனத்துக்கு இந்த நிலைமை வரலாமா? மேற்கத்திய மோகமும் செல்போனும் இளைஞர்களைக் கெடுத்ததுதானே காரணம்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுத்தைக் கும்பிடுகிறார்கள் என்பது வாஸ்தவம். மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் கி.பி. 405இல் எழுத்தை உருவாக்கி 1600 ஆண்டு நிறைந்ததற்காக, 2005இல் அரகட்ஸ் மலைச்சரிவில் 39 எழுத்துகளையும் பெரிய பெரிய கற்களில் செதுக்கி நிறுத்தினார்கள். (அவர் செய்தது 36தான். மிச்சம் பிற்பாடு சேர்ந்தவை.) அங்கே போகிற குடும்பங்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தேடிப் பிடித்து, அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. செல்போன் மேல் நீங்கள் சொல்கிற குற்றத்துக்கு அங்கே கிடைக்கும் ஒரே சாட்சி இதுவாகத்தான் இருக்கும்.

இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்ற பேச்சு அங்கே புதிது அல்ல. செல்போனுக்கு முன்னால் டி.வி. சீரியலைத் திட்டினார்கள். அதற்கும் முன்னால் ‘ரபீஸ்’. கல்யாண வீட்டிலும் டாக்ஸியிலும் அலறுகிற, கீழைச் சாயலில் குழைகிற பாட்டுக்கு அந்தப் பெயர். சோவியத் காலத்தில் ‘கலைத் தொழிலாளர்’ என்பதற்கான ரஷ்யச் சொற்களைச் சுருக்கியதில் பிறந்த பெயர் என்பார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்த காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள்தான் இன்றைக்குத் தாத்தாக்களாகி செல்போனைத் திட்டுகிறார்கள்.

சரி, இளைஞர்களை விடுவோம். அந்தச் சமூகத்துக்குத் தலை இரண்டு தடவை வெட்டப்பட்டது. முதல் வெட்டு, ஆர்மேனியர்களைக் கொன்று குவித்த ஒட்டோமான் துருக்கி அரசுடையது. 1915 ஏப்ரல் 24 இரவு இஸ்தான்புல்லில் கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், வக்கீல்கள் என்று 200 பேருக்கு மேல் வீடு புகுந்து பிடித்துப் போனார்கள். கவிஞர்கள் தானியேல் வரூஜானும் சியமந்தோவும் உயிரோடு திரும்பவில்லை. நாட்டுப்புறப் பாட்டுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த கோமித்தாஸ் திரும்பினார், ஆனால் மனம் உடைந்துபோய். கடைசி வருடங்களை பாரிஸ் மருத்துவமனைகளில் கழித்து 1935இல் செத்துப்போனார். அடுத்த வெட்டு ஸ்டாலினுடையது. 1937இல் எழுத்தாளர் அக்செல் பகுன்ட்ஸைச் சுட்டார்கள். கவிஞர் யெகிஷே சாரென்ட்ஸ் தலைநகர் யெரெவானில் சிறைக்குள் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்பதே தெரியாது. பிற்காலத்தில் அதே சாரென்ட்ஸின் முகம் 1000 திராம் நோட்டில் வந்தது. அவருடைய கைப்பிரதிகள் மிஞ்சியது ரெஜினா கஸாரியான் என்ற பெண்ணால். தோட்டத்து மண்ணில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார்.

அப்புறம் 1990களின் தொடக்கம். ‘இருட்டும் குளிருமான வருடங்கள்’ என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். 1988 பூகம்பத்துக்குப் பின் அணுமின் நிலையத்தை மூடியிருந்தார்கள். அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் வாழ்ந்த கராபாக் பகுதிக்காக அந்நாட்டோடு போர் நடந்துகொண்டிருந்தது. துருக்கி, அஜர்பைஜான் எல்லைகள் அடைபட்டிருந்தன. மின்சாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம். மரம் தீர்ந்ததும் தரைப்பலகை, அதுவும் தீர்ந்ததும் அலமாரியிலிருந்த புத்தகம் என்று அடுப்புக்குள் போட்டார்கள். எந்தப் புத்தகத்தை முதலில் எரிப்பது என்று ஒரு வாத்தியார் வீட்டில் நடந்திருக்கக்கூடிய விவாதத்தை நினைத்துப் பாருங்கள். லெனின் தொகுதிகள் கெட்டி அட்டை, நிறைய நேரம் நின்று எரிந்திருக்கும். நாட்டை விட்டுக் கிளம்பியவர்கள் லட்சக்கணக்கில்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் யெரெவான் அறிவாளிகள் என் தோளில் தட்டிக் கொடுப்பார்கள். ஏனென்றால் அவர்களும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ‘எங்களை அழித்தார்கள்’ என்பது முழு உண்மை. ஆனால் எந்தக் கேள்விக்கும் அதையே பதிலாக்கினால், கேள்வி கேட்பதே நன்றிகெட்டதனமாகிவிடுகிறது. என் குறை அதில்தான்.

1915இல் அந்தக் கொலைகளுக்குத் தப்பி, துருக்கியில் உள்ள முஷ் ஊரிலிருந்து 28 கிலோ எடையுள்ள ஒரு தோல் சுவடியை இரண்டு பெண்கள் இரண்டு பாதியாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கதை உண்டு. சுவடி இன்றைக்கு யெரெவானில் மதெனதரான் சுவடிக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்குச் சுமப்பதுதான் வேலை, சுமந்தார்கள், கையெடுத்துக் கும்பிடலாம். பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த படிப்பாளியும் சுமப்பதே தன் வேலை என்று உட்கார்ந்துவிட்டதுதான் வினை. சோவியத் அரசு அதற்கு வசதியும் செய்து கொடுத்தது: எழுத்தாளர் சங்கம், பட்டம், செவான் ஏரிக்கரையில் ஓய்வு விடுதி. அந்த விடுதியை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் இரண்டு பேரையும் 1937இல் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவரான கெவோர்க் கொச்சார் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, அதே விடுதிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம் கட்டிக் கொடுத்தார். சாப்பிட வந்த எழுத்தாளர்கள் அவரிடம் என்ன பேசியிருப்பார்கள்?

சுதந்திர ஆர்மேனியாவின் முதல் ஜனாதிபதி லெவோன் தெர்-பெத்ரோஸியன், மதெனதரானில் சுவடி படித்துக்கொண்டிருந்த மொழியியலாளர். 1997 நவம்பரில் அவர் ‘போரா, சமாதானமா?’ என்று ஒரு கட்டுரை எழுதினார். போரில் ஜெயித்துவிட்டோம், ஆனால் இதே நிலை காலத்துக்கும் நீடிக்காது, உலகம் ஒத்துக்கொள்ளாது, விட்டுக்கொடுத்துப் பேசுவோம் என்பது சாரம். மூன்றே மாதத்தில், 1998 பிப்ரவரியில், அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அவருடைய ஆட்சியில் தேர்தல் முறைகேடு உட்பட எத்தனையோ குறை உண்டு, அது வேறு கணக்கு. கட்டுரைக்குப் பதில் கட்டுரை எழுதி மறுத்திருந்தால் அறிவுலகம் என்று சொல்லலாம். எழுந்த கூச்சல் பெரும்பாலும் ‘தோற்றுப்போகிறவன் பேச்சு’ என்பதுதான். கராபாக்கைச் சுற்றிப் பிடித்து வைத்திருந்த ஏழு மாவட்டங்களை, ஆரம்பத்தில் பேரம் பேசத் திருப்பித் தர வேண்டியவை என்று சொன்னவர்களே, போகப் போக ‘விடுவித்த மண்’ என்றார்கள். அங்கிருந்து விரட்டப்பட்ட அஜர்பைஜானியரைப் பற்றி வாய் திறந்தவர்கள் சொற்பம்.

2020இல் 44 நாள் போரில் தோற்றார்கள். 2023 செப்டம்பரில், ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு நடந்த தாக்குதலில், கராபாக்கிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் ஒரு வாரத்தில் வெளியேறினார்கள். முற்றுகை போட்ட பாவம் அஜர்பைஜானுடையது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 23 வருட அவகாசம் இருந்தும் தன் சமூகத்துக்குக் கசப்பைச் சொல்லாத படிப்பாளியை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போதைய பிரதமர் நிக்கோல் பஷின்யானும் எழுதிப் பிழைத்தவர்தான், பத்திரிகை ஆசிரியர். என் ஜாதி என்பதால் கூடுதலாகத் திட்ட உரிமை உண்டு. 2018இல் தெருவில் நடந்தே ஆட்சியைப் பிடித்தவர், அடுத்த வருடமே கலாசாரத்துக்குத் தனி அமைச்சகம் எதற்கு என்று கல்வி, அறிவியல், விளையாட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இப்போது ‘நிஜ ஆர்மேனியா’ என்கிறார்: வரைபடத்தில் உள்ள நாட்டைப் பாருங்கள், பழைய பெருமையை விடுங்கள். பள்ளியில் ‘ஆர்மேனியர்களின் வரலாறு’ என்றிருந்த பாடம் 2024இல் ‘ஆர்மேனிய நாட்டின் வரலாறு’ ஆயிற்று. பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் அதைப் பாடம் எடுக்கிற ஹெட்மாஸ்டர் மாதிரி சொல்கிறார். எதிரே இருப்பவர்கள் ‘துரோகி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் செல்போன் இளைஞர்கள் இதற்குள் எங்கே? யெரெவானில் தூமோ என்று ஒரு மையம் 2011இலிருந்து நடக்கிறது. 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அனிமேஷன், நிரல், இசை எல்லாம் இலவசம். பிள்ளைகள் அலைமோதுகிறார்கள். முடித்துவிட்டு ஐ.டி.க்குப் போகிறார்கள். சுவடி படிக்கப் போகாததற்கு மோகம் காரணமில்லை, சம்பளம்தான் காரணம்.

ஒன்று சொல்ல மறந்தேன். இதே ஆர்மேனியர்கள் கசப்பைச் சொல்லத் தயங்காமல் இருந்த ஊர் ஒன்று உண்டு: நம் சென்னை. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் இங்கேதான் வெளிவந்தது. ஆசிரியர் ஹருத்யூன் ஷ்மவோனியான் என்ற பாதிரியார். அதற்கும் இருபது வருடம் முன்னால், வியாபாரி ஷாஹமீர் ஷாஹமீரியானின் அச்சகத்தில், நாம் அடிமைப்பட்டதற்கு நம் மன்னர்களின் எதேச்சாதிகாரமும் நம் சோம்பலும் காரணம் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எட்சமியாட்ஸினில் இருந்த தலைமை மதகுரு அதைக் கொளுத்தச் சொன்னார். இங்கே யாரும் அதற்காக எழுதுவதை நிறுத்தவில்லை. பிற்பாடு வந்த இன்னொரு புத்தகத்தில், இன்னும் பிறக்காத ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டமே எழுதி அச்சிட்டார்கள்.

சென்னைக்கு வந்தால் பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு எங்கே என்று கேளுங்கள். அரண்மனைக்காரன் தெரு என்று திருத்துவார்கள், இரண்டும் ஒன்றே. அங்குள்ள ஆர்மேனியத் தேவாலயத் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் மெஸ்ரோப்பின் எழுத்தைப் பார்க்கலாம், ஷ்மவோனியானும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். செல்போனை மறக்காமல் எடுத்துப் போங்கள். வெயிலில் தேய்ந்த எழுத்து, பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.