பாக்கெட் டார்ச்: கேட்டதும் சொன்னதும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எதை வாங்கலாம்' என்ற ஒற்றை வரிதான். பதில் சொல்ல ஏதாவது பிடி கிடைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல டார்ச் ஒன்று சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

எதற்கு? மாடிப்படி இறங்கவா, மோட்டார் கொட்டகைக்குப் போகவா, பைக்குக்கு அடியில் குனிந்து பார்க்கவா? அதைச் சொல்லாமல் 'நல்ல டார்ச்' என்று கேட்பது, அளவு கொடுக்காமல் தையற்காரரிடம் சட்டை கேட்பது மாதிரி. தினமும் பாக்கெட்டில் கிடக்க வேண்டியது என்று நானாக வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு டபுள்-ஏ பென்சில் செல் போடும் டார்ச்சாகப் பாருங்கள். நீளம் ஒன்பது செ.மீ. சுமார், செல்லோடு சேர்த்து ஐம்பது அறுபது கிராம், வெளிச்சம் 100 லூமனைத் (டார்ச் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தாண்டினால் போதும். முக்கியமாக, மிகக் குறைந்த வெளிச்சம் ஒன்று அதில் இருக்கிறதா என்று கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். ஏன் என்பதைக் கீழே கோவைக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு டார்ச்சில் '10,000 லூமன், 2 கி.மீ. தூரம்' என்று இருக்கிறது, விலை 499 ரூபாய். இன்னொன்று வெறும் 400 லூமன், விலையோ நாலு மடங்கு. எது லாபம்? (விருதுநகர் வாசகர்)

நானூறு.

காரணம் வேண்டுமென்றால்: லூமன் அளக்க ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்றொரு தர அளவு 2009 முதல் இருக்கிறது. அதன்படி டார்ச்சைப் போட்டு அரை நிமிடமாவது ஆன பிறகுதான் வெளிச்சத்தை அளக்க வேண்டும். தூரம் என்பது 0.25 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) விழும் இடம் வரைக்கும். அதாவது பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம். அங்கே ஆள் நிற்பது தெரியலாம், யாரென்று தெரியாது. கேண்டெலா (ஒளி ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு) எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். 2 கி.மீ. வேண்டுமென்றால் பத்து லட்சம் கேண்டெலா. விரல் தடிமன் டார்ச்சிலிருந்து அது வராது. நம் தாத்தா காலத்து ரெண்டு கட்டை டார்ச் பத்துப் பதினைந்து லூமனைத் தாண்டியிருக்காது. அதை வைத்துக்கொண்டுதான் ராத்திரி மடை திருப்பிவிட்டு வந்தார்கள்.

'ஹை மோடில் 5 மணி நேரம்' என்று போட்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் மங்கிவிடுகிறது. பழுதா? (பெயர், ஊர் இல்லை)

பழுதில்லை. தலைப்பகுதி சூடானதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாக வெளிச்சத்தை இறக்குகிறது, இறக்காவிட்டால் எல்.இ.டி.யும் செல்லும் வேகும். அந்த ஐந்து மணி நேரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரம்ப வெளிச்சத்தில் பத்து சதவீதமாகக் குறையும் வரை ஓடும் மொத்த நேரத்தைத்தான் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். ஆயிரம் லூமனில் தொடங்கி, முதல் இரண்டு நிமிடத்தில் முந்நூறுக்கு வந்து, மீதிப் பொழுதெல்லாம் அங்கேயே நின்றாலும் அது 'ஹை மோடில் 5 மணி நேரம்' தான். நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் தருகிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

என் டார்ச்சில் 7 மோடு இருக்கிறது. நண்பருடையதில் மூன்றுதான். என்னுடையதுதானே உசத்தி? (கோயம்புத்தூர் வாசகர்)

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் டார்ச்சை நான் பார்த்ததில்லை, ஆனால் அது எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பொத்தான். முதல் அமுக்கு ஃபுல் வெளிச்சம். அடுத்தது நடுத்தரம், அதற்கடுத்தது குறைவு, அப்புறம் மின்னல் மாதிரி வெட்டி வெட்டி எரிவது, அப்புறம் எஸ்.ஓ.எஸ். என்கிற ஆபத்துச் சைகை. அணைக்க வேண்டுமென்றால் இந்த ஊர்வலம் முழுக்கப் போய் வர வேண்டும்.

இப்போது ராத்திரி இரண்டு மணி, கரண்ட் இல்லை, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்கள். அமுக்கியதும் ஐந்நூறு லூமன் வெள்ளைச் சுவரில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அத்தனையும் ஒரே அமுக்கில் போயிற்று. பதறி அமுக்கிக்கொண்டே போனால் மின்னல் வெட்டும். குழந்தை எழுந்துவிடும். குறைந்த வெளிச்சம் அந்த டார்ச்சுக்குள் எங்கோ இருக்கத்தான் செய்கிறது, ஃபுல்லைத் தாண்டாமல் அதற்குப் போக வழி வைக்கவில்லை.

அன்றாடப் புழக்கத்தில் பத்துக்கு ஏழெட்டு முறை தேவைப்படுவது ஒன்று முதல் முப்பது லூமன் வரைதான். சாவித் துவாரம் தேட, கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரையை எடுக்க, பாட்டியின் தொண்டையைப் பார்க்க. அதனால் முதல் அமுக்கில் குறைவாக எரிவது நல்ல டார்ச். அப்படி இல்லையென்றால் கடைசியாக வைத்த மோடை நினைவில் வைத்திருப்பது அடுத்த நல்லது. ஒரு லூமன் வெளிச்சத்தில் ஒரே பென்சில் செல் பல பத்து மணி நேரம் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

அந்த மின்னல் மோடு எதற்கு என்று கேட்டால், திருடன் கண்ணைக் கூசவைக்க என்கிறார் கடைக்காரர். திருடன் காத்திருப்பானா, நீங்கள் நாலு தடவை அமுக்கும் வரை? வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அந்த வேகத்தில் மின்னும் வெளிச்சமே ஆகாது. எஸ்.ஓ.எஸ். சமாசாரம் கடலுக்குப் போகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் ஆகும். அவர்களுக்கும் அது சுழற்சிக்குள் கிடக்காமல், இரண்டு முறை வேகமாக அமுக்கினாலோ நீண்ட நேரம் பிடித்தாலோ மட்டும் வரும்படி இருக்க வேண்டும்.

உங்கள் நண்பர் வாங்கியதுதான் சரி.

9,900 எம்.ஏ.எச். 18650 செல் நாலு வாங்கினேன். பத்து நிமிடம்கூட எரியவில்லை. சார்ஜர் கோளாறாக இருக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

சார்ஜரைத் திட்டாதீர்கள். அந்த அளவு லித்தியம் செல்லில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) நல்ல கம்பெனிகள் அடைப்பதே 3,500 எம்.ஏ.எச். (செல்லில் அடங்கும் சார்ஜின் அளவு) சுமார்தான், மிஞ்சினால் 4,000 பக்கம் வரும். 9,900 என்று எவன் அச்சடித்தாலும் பொய். நகைக்கடைத் தராசில் ஒன்றை வைத்துப் பாருங்கள். அசல் 45 முதல் 50 கிராம் இருக்கும். முப்பதுக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே சின்னதாக வேறொரு செல்லும், மீதி இடத்தில் ஏதோ தூளும்தான். அதற்காக அறுத்துப் பார்க்க வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இனியும் சொல்லுவேன்: தனி லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடாதீர்கள். அதன் உடம்பு முழுக்க நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் குமிழைச் சுற்றி மெல்லிய காகித வளையம் ஒன்றும், வெளியே பிளாஸ்டிக் உறையும் மட்டும்தான் பிரித்து வைக்கின்றன. உறை ஓரத்தில் கிழிந்து ஒரு சாவி குறுக்கே விழுந்தால், செல்லின் கரண்ட் முழுவதும் அந்தச் சாவி வழியாகப் பாயும். பிளாஸ்டிக் செல் பெட்டி பெரிய விலை இல்லை.

பென்சில் செல் டார்ச்சில் அதே அளவு 14500 லித்தியம் செல் போட்டேன். ஒரு கணம் பளீரென்று எரிந்து அணைந்தது. இப்போது எதைப் போட்டாலும் எரியவில்லை. (ஈரோடு வாசகர்)

1.5 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 3.7 வோல்ட் கொடுத்திருக்கிறீர்கள். ஃபுல் சார்ஜில் 4.2. டிரைவர், அதாவது எல்.இ.டி.க்குக் கரண்டை அளந்து கொடுக்கும் சர்க்யூட், போய்விட்டது. அளவு ஒன்றானால் செல் ஒன்றாகிவிடாது. இரண்டும் போடலாம் என்று டார்ச்சிலேயே எழுதியிருந்தால் ஒழிய போடக் கூடாது. இது கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

புதிதாக வாங்கிய டைப்-சி டார்ச் என் ஃபோன் சார்ஜரில் ஏறவே இல்லை. மனைவியின் பழைய சார்ஜரில் ஏறுகிறது. (திருநெல்வேலி வாசகர்)

கவனித்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் கரண்டையே விடும். அதைத் தெரிவிக்க டார்ச்சுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். சில்லறைக் காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். பழைய அகல வாய் சார்ஜர் எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அதில் ஏறிவிடுகிறது. டார்ச்சோடு வந்த வயரைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் நேராகச் செருகும் இரண்டு முள் டார்ச் ஆறு மாதத்தில் செத்துப்போகிறதே? (கடலூர் வாசகர்)

அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து சாகும். எரித்த அன்றே சார்ஜ் போட்டால் கூடுதலாக உழைக்கும். மலிவு ரகங்களில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மெயின்ஸ் நேராக உள்ளே போகிறது. சுவரில் இருக்கும்போது ஸ்விட்சைத் தொடாதீர்கள், உடைந்த உடம்போடு செருகவே செருகாதீர்கள். பாக்கெட் டார்ச் கணக்கில் இதை நான் சேர்ப்பதில்லை.

டார்ச்சுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எதைக் கொண்டு துடைக்க? (நாகர்கோவில் வாசகர்)

அல்கலைன் செல் கசிந்திருக்கிறது, காரம். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், பிறகு ஈரத்தை ஒற்றிக் காயவிடுங்கள். கண்ணில் கையை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கில் மீதமிருக்கும் கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போகும். எப்போதாவதுதான் எடுப்பேன் என்றால் அல்கலைனை உள்ளே வைக்காதீர்கள். எனலூப் மாதிரி, சார்ஜ் எளிதில் இறங்காத நிக்கல் செல் போடுங்கள். சுமார் 2,000 எம்.ஏ.எச்., 1.2 வோல்ட், நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். கசிவுத் தொல்லையும் வெகுவாகக் குறையும்.

வயரிங் வேலை செய்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் பிரவுன் வயரும் சிவப்பு வயரும் குழப்புகின்றன. (மதுரை வாசகர்)

உங்கள் கண்ணில் கோளாறில்லை. நீலம் பாய்ந்த 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) எல்.இ.டி.யில் சிவப்பு செத்துப்போகும். 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறுக்கு மதிப்பெண்) 90க்கு மேல் என்று போட்டதைத் தேடுங்கள். ஜப்பானின் நிச்சியா 519ஏ எல்.இ.டி. இந்த வகையில் பேர்போனது. லூமன் எண் கொஞ்சம் குறையும், கவலைப்படாதீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. எழுதவே இல்லையென்றால் 70 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வரப்பில் நடக்க எது? பாம்புப் பயம். (மயிலாடுதுறை வாசகர்)

வயலுக்குப் பெரிய வெளிச்சம்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தூரத்து மரத்தில் வட்டம் போடும் டார்ச் உங்கள் காலடியை இருட்டாகவே விட்டுவிடும். ஐம்பது முதல் நூறு லூமன், அகலமாகப் பரவுவது, இரண்டு மூன்று மீட்டர் முன்னால் தரையில். கட்டுவிரியன் ராத்திரியில் திரிவது. கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். ஈரமண்ணில் அதைப் பிரித்துக் காட்ட நிறம் நன்றாகத் தெரியும் எல்.இ.டி. உதவும். மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தலையை இழுத்தால் ஜூம் ஆகும் ரகம் வேண்டாம். முழு ஜூமில் எல்.இ.டி.யின் சதுரம்தான் தரையில் விழும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. தலையை இழுத்துத் தள்ளும்போது காற்றோடு ஈரமும் உள்ளே போகும். டார்ச் எதுவானாலும் காலில் பூட்ஸ்.

ஃபோனிலேயே லைட் இருக்கும்போது டார்ச் எதற்கு? (சென்னை வாசகர்)

ஃபோனில் ஐந்து சதவீதம் சார்ஜ் இருக்கும்போது கரண்ட் போனால் மறுபடி எழுதுங்கள்.

பாக்கெட்டில் தானாக எரிந்து தொடை சுட்டுவிட்டது. (ஓசூர் வாசகர்)

பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். மரையில் கரண்ட் கடத்தாத அனோடைஸ் பூச்சு இருந்தால் மின்னோட்டம் அறுந்துவிடும். எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் சும்மா உறிஞ்சும் சார்ஜும் மிச்சமாகும். தளர்த்திய பிறகும் எரிகிறதா? மரையில் பூச்சில்லை. கழற்றும்போது ஓ-ரிங்கில் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) துளி சிலிக்கான் கிரீஸ் தடவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டும்.

சிங்கப்பூர் போகிறேன். விமானத்தில் டார்ச் கொண்டுபோகலாமா? (திருச்சி வாசகர்)

கொண்டுபோகலாம். உதிரி லித்தியம் செல் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. 100 வாட்-ஹவர் (செல்லில் அடங்கும் மொத்தச் சக்தி) வரை சாதாரணமாக விடுகிறார்கள்; ஒரு 18650 செல் பன்னிரண்டு பதின்மூன்றுதான் வரும். முனையில் டேப் ஒட்டியோ செல் பெட்டியில் வைத்தோ கொண்டுபோங்கள். சாவி, சில்லறையோடு போடாதீர்கள் என்பது அங்கேயும்தான்.

வேட்டி கட்டுகிறவன் டார்ச்சை எங்கே வைப்பது? (காரைக்குடி வாசகர்)

இடுப்பில் செருகினால் நழுவும், சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது கிணற்றுக்குள் போகும். கிளிப் இறுக்கமாக உள்ளதாக வாங்கி, சட்டைப்பை விளிம்பில் தலைகீழாக மாட்டுங்கள். கிணற்றங்கரைக்குப் போவதென்றால் கயிறு கோக்க வாலில் துளை உள்ளதாகப் பாருங்கள்.