சென்ட்ஓஎஸ் 7 சர்வரில் புதிய கிட், பைத்தான், நோட் இவற்றை சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் சொல்லும் நிலைமை: சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது, ஓஎஸ்ஸை மாற்ற அனுமதி இல்லை, புதிய டெவலப்பர் கருவிகள் வேண்டும், சோர்ஸை இறக்கி மேக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எரர் கொட்டுகிறது.

முடியும். நானும் இதே 7-உடன்தான் காலம் தள்ளுகிறேன். எங்களிடம் இருக்கும் ஒரு கருவியின் டிரைவர் பழைய கர்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. அதனால் இதில் எது ஓடும், எது ஓடாது என்று ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஓஎஸ்ஸில் கர்னல் 3.10, ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.17. இந்த இரண்டிலும் கை வைக்கக் கூடாது. இவற்றுக்கு மேலே உள்ள கம்பைலர், ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி), கர்ல் (இணையத்திலிருந்து இறக்கும் கருவி), பைத்தான் எதையும் நீங்கள் தனியாக ஒரு டைரக்டரியில் கட்டிக்கொள்ளலாம். 'ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை' என்று எரர் வந்ததும் இணையத்தில் தேடிப் பார்த்து, புதிய ஜிலிப்சியை பில்ட் செய்து பழையதன் மேலேயே இன்ஸ்டால் செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை கூட ஓடாது. குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற வேலை அது.

சரி, அந்த எரர் ஏன் வருகிறது? ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. பழைய ஜிலிப்சியில் பில்ட் ஆன பைனரி புதியதில் ஓடும், புதியதில் பில்ட் ஆனது பழையதில் ஓடாது. நோட் 18 முதல் அதிகாரபூர்வ பைனரிகள் 2.28-ஐக் கேட்கின்றன. சோர்ஸ் அப்படிக் கேட்பதில்லை. அதே நோடை உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்தால் 2.17-ஐ வைத்தே ஓடும். ஆக, நம் தடை பெரும்பாலும் பைனரியில்தான்.

அதனால் கம்பைலரில் கை வைப்பதற்கு முன், கம்பைல் செய்யத் தேவையே இல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். கோ மொழியில் எழுதிய கருவிகள் பெரும்பாலும் ஸ்டாடிக் பைனரியாகவே, அதாவது வெளி லைப்ரரி எதையும் கேட்காத ஒரே ஃபைலாகவே வரும். ரஸ்ட் கம்பைலர் 1.64 பதிப்பிலிருந்து கேட்பது ஜிலிப்சி 2.17, அதுதான் உங்களிடம் இருக்கிறதே. ரிப்கிரெப் (ஃபைல்களுக்குள் தேடும் கருவி) போன்றவற்றுக்கு மஸ்ல் (ஜிலிப்சிக்கு மாற்றான சிறிய சி லைப்ரரி) சேர்த்த பைனரி கிடைக்கிறது, இறக்கி வைத்தால் போதும். நோடுக்கும் 'அன்அஃபிஷியல் பில்ட்ஸ்' என்று அந்தத் திட்டத்தாரே நடத்தும் பக்கத்தில் ஜிலிப்சி 2.17-க்கான பைனரிகள் இருக்கின்றன. நோடை நீங்களே கம்பைல் செய்வதை விட இதுவே மேல். நோட் பில்ட் வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினையும் சேர்த்துக் கட்டும், மெஷினைக் கட்டிப்போட்டுவிடும்.

மிச்சம் இருப்பவற்றுக்குக் கம்பைலர் வேண்டும். ஓஎஸ்ஸோடு வரும் ஜிசிசி 4.8.5 இரண்டு விதமாகக் காலை வாரும்.

ஒன்று, சி மொழியின் எந்தத் தரத்தை அது தானாக எடுத்துக்கொள்கிறது என்பது. ஜிசிசி 5 வந்த பிறகுதான் க்னூ11 இயல்பானது, அதற்கு முன் க்னூ89. ஃபார் லூப்புக்குள்ளேயே மாறியை அறிவித்த வரிகள் எல்லாம் எரர் ஆகும். எரர் செய்தியே 'சி99 மோடைப் பயன்படுத்து' என்று யோசனை சொல்லும். அதை அப்படியே கேட்டு எஸ்டிடி ஆப்ஷனில் சி99 என்று கொடுத்தால், ஸ்ட்ர்டூப், ஃபைல்நோ போன்ற போசிக்ஸ் ஃபங்ஷன்கள் ஹெடரிலிருந்து மறைந்து அடுத்த கட்ட எச்சரிக்கைகள் தொடங்கும். க்னூ99 என்று கொடுங்கள், இரண்டு தொல்லையும் போய்விடும்.

இன்னொன்று இதை விட விஷமம். 4.8-இன் சி++ லைப்ரரியில் ஸ்டாண்டர்ட் ரெஜெக்ஸ் பெயருக்கு மட்டும் இருக்கிறது. கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஓட்டும்போது எக்செப்ஷன் போட்டு விழும். 4.9-இல்தான் உண்மையாக எழுதி முடித்தார்கள். பில்ட் ஆகிவிட்டதே என்று நம்பி விடாமல் மேக் செக், மேக் டெஸ்ட் ஓட்டுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே டெவ்டூல்செட் 11-ஐ (ஜிசிசி 11 அடங்கிய, 7-க்கான தனி கம்பைலர் தொகுப்பு) போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்து, மிரர் பட்டியல் சர்வரும் நின்றுவிட்டதால், யம்மின் (7-இல் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) ரெப்போ ஃபைல்களில் முகவரியை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வால்ட் சர்வருக்கு மாற்றினால்தான் எதுவும் இறங்கும். இந்தக் கம்பைலரில் எனக்குப் பிடித்த விஷயம், ஓஎஸ்ஸின் பழைய சி++ லைப்ரரியில் இல்லாத துண்டுகளை மட்டும் உங்கள் பைனரிக்குள்ளேயே ஒட்டிவிடும். டெவ்டூல்செட் இல்லாத இன்னொரு 7-க்குக் கொண்டுபோனாலும் அது ஓடும். ஜிசிசி 11 போதாது என்றால், எடுத்துக்காட்டாக நோட் 22 ஜிசிசி 12.2 கேட்கும், ஜிசிசியையே கட்ட வேண்டியதுதான். 12-ஐக் கட்ட 4.8 போதும். சோர்ஸில் கான்ட்ரிப் டைரக்டரியில் இருக்கும் டவுன்லோட் ப்ரீரெக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை முதலில் ஓட்டுங்கள், மல்டிலிப்பை (32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டும் ஆப்ஷன்) அணைத்துவிடுங்கள், பிறகு அதில் கட்டுபவற்றுக்கு சி++ லைப்ரரியை ஸ்டாடிக்காக லிங்க் செய்யுங்கள்.

அடுத்தது பைத்தான். நிறையப் பேர் சிக்குவது இங்கேதான். 3.10 முதல் பைத்தானுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 கட்டாயம், 7-இல் இருப்பது 1.0.2. ஆனால் பில்ட் இதற்காக நிற்காது. ஆயிரம் வரிகளுக்கு நடுவே 'எஸ்எஸ்எல் மாட்யூலைக் கட்ட முடியவில்லை' என்று ஒரு வரி ஓடிப்போகும், மேக் இன்ஸ்டாலும் முடிந்துவிடும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் எதையாவது இறக்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எனவே முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல். 3.0 எடுத்தால் கான்ஃபிக் கட்டத்திலேயே பெர்லின் ஐபிசி சிஎம்டி மாட்யூல் இல்லை என்று நிற்கும், அதை யம் மூலம் போடுங்கள். லிப்டிர் ஆப்ஷனில் லிப் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது லிப்64-இல் போய் உட்காரும், பைத்தான் லிப்பில் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லும். ஓப்பன்எஸ்எஸ்எல்டிர் ஆப்ஷனை இடிசி-யின் கீழ் இருக்கும் பிகேஐ டிஎல்எஸ் டைரக்டரிக்குக் காட்டுங்கள். நீங்கள் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சான்றிதழ் டைரக்டரி காலியாகத்தான் இருக்கும், ஓஎஸ்ஸினுடையதைக் காட்டாவிட்டால் எந்தத் தளத்தைத் தொட்டாலும் சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி என்பீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது வெறும் மேக் இன்ஸ்டால் வேண்டாம், இன்ஸ்டால் எஸ்டபிள்யூ கொடுத்தால் இடிசி பக்கம் போகாமல் மென்பொருளை மட்டும் வைக்கும். பிறகு பைத்தானுக்கு வித் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆப்ஷனில் இந்தப் பாதையைக் கொடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல் ஆர்பாத்தை (லைப்ரரி இருக்கும் இடத்தை பைனரிக்குள்ளேயே எழுதி வைப்பது) ஆட்டோ என்று வையுங்கள்.

அந்த ஆர்பாத்தை விட்டுவிட்டு எல்டி லைப்ரரி பாத்தை (லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறி) பேஷ் ஆர்சியில் எழுதி வைக்கச் சொல்லும் பதில்கள் ஏராளம். வேண்டாம். அது உங்கள் கருவிக்கு மட்டும் போவதில்லை. அந்த ஷெல்லில் இருந்து ஓடும் யம், எஸ்எஸ்எச், கர்ல் எல்லாமே உங்கள் லைப்ரரிகளைப் பொறுக்க ஆரம்பிக்கும். எது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

கிட்டில் பெரிய சிரமம் இல்லை. அதன் மேக்ஃபைலின் தொடக்கத்திலேயே 'இது இல்லாமல், அது இல்லாமல்' என்று நீண்ட ஆப்ஷன் பட்டியல் இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள். புதிய பதிப்புகள் லிப்கர்ல் 7.61-க்குக் கீழே ஏற்பதில்லை, உங்களிடம் 7.29. எனவே கர்லையும் கட்டி அதன் பாதையைக் கொடுங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்டை நம்பி, கர்ல் இல்லாமலே கட்டி முடித்தவர்களுக்கு 'ரிமோட்-எச்டிடிபிஎஸ் ஒரு கிட் கட்டளை அல்ல' என்ற புகழ்பெற்ற எரர் காத்திருக்கிறது.

கர்னல் விஷயம் ஒன்று பாக்கி. டாக்கரில் புதிய இமேஜை எடுத்து அதற்குள் பில்ட் செய்து ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்டெய்னருக்குள் ஜிலிப்சி புதிதாக இருக்கும், கர்னல் அதே 3.10-தான். எடுத்துக்காட்டாக, ஃபைல் விவரம் கேட்கும் ஸ்டாட்எக்ஸ் என்ற கர்னல் அழைப்பு 4.11-இல்தான் வந்தது. கான்ஃபிகர் அது இருப்பதாகக் குறித்துக்கொள்ளும், ஓடும்போது கர்னல் 'அப்படி ஒன்று இல்லை' என்று கைவிரிக்கும். அதற்கு மாற்று வழி எழுதி வைத்த மென்பொருள் சமாளிக்கும், மற்றவை விழும். தலைகீழாகச் செய்யுங்கள்: வேறு நல்ல மெஷினில் சென்ட்ஓஎஸ் 7 இமேஜை ஓட்டி அதற்குள் கட்டி, சர்வரில் எந்தப் பாதையில் இருக்கப் போகிறதோ அதையே பிரிஃபிக்ஸாகக் கொடுத்து, டார் செய்து கொண்டுபோங்கள். சர்வரும் தொந்தரவில்லாமல் தன் வேலையைப் பார்க்கும்.

கட்டிய கட்டளைகளை எல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக வைத்திருங்கள். நீங்கள் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை வந்தால் யம் வந்து அடைக்காது. 1.1.1-க்கு இலவச ஆதரவு 2023 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது, 3.0-க்கு 2026 செப்டம்பர் வரைதான். அப்போது அடுத்ததைக் கட்டி பைத்தான், கர்ல், கிட் என்று அதே வரிசையில் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.