லேசான மறதிக் குறைபாட்டுக்கு உடற்பயிற்சி உதவுமா?

சந்தைக்குப் போனபின் எதற்கு வந்தோம் என்பதே அடிக்கடி மறக்கிறது. ஆனால் சமையல், கணக்குவழக்கு எல்லாம் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது. வயதுக்கு மீறிய இந்த நிலைதான் லேசான அறிவாற்றல் குறைபாடு.

உதவும். 2018-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் இதற்கு வாரம் 2 முறை உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. நடந்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நரம்பணுவை வளர்க்கும் புரதமும் சுரக்கிறது. தொட்டிக் கறிவேப்பிலைக்குத் தண்ணீரும் உரமும் சேர்ந்து கிடைத்த மாதிரி.

இப்போது ஆய்வாளர்களின் கவனம் உடலும் மூளையும் ஒன்றாக உழைக்கும் பயிற்சிகள் பக்கம்: தாய்ச்சி (நிதானமாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி), நடந்துகொண்டே 100-இலிருந்து ஏழேழாகக் கழிப்பது (முயன்று பாருங்கள், 79 தாண்டியதும் கால் தானே மெதுவாகும்). பினாங்கு தண்ணீர்மலைப் பூங்காவில் காலையில் சீனப் பாட்டிகள் செய்யும் தாய்ச்சியை வேடிக்கை பார்த்துவிட்டு நாம் ரொட்டி சானாய் கடைக்குப் போகிறோம்.

லேசான அறிவாற்றல் குறைபாடு டிமென்ஷியா (அன்றாட வேலைகளையே பாதிக்கும் மறதிநோய்) அல்ல. எல்லோருக்கும் அதில் போய் முடிவதில்லை, சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு.