மாடி அறையில் மீட்டிங் அறுந்து போகிறது: எந்த வைஃபை சாதனம் வாங்கலாம்?

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கிறோம். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். ஃபைபர் லைனும் ரவுட்டரும் முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கின்றன. என் வேலை அறை மாடியில், பின்பக்கம். 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் வீடியோ மீட்டிங்கில் குரல் அறுந்து அறுந்து வருகிறது, சாயங்காலமானால் இன்னும் மோசம். கடைக்காரர் மூன்று பெட்டி கொண்ட வைஃபை 7 மெஷ் செட் (வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) வாங்கச் சொல்கிறார். கொழுந்தன், சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ஒரு எக்ஸ்டெண்டர் போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: சகோதரி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஹாலிலிருந்து வேலை அறைவரை ஒரு நெட்வொர்க் கேபிளும் அதன் முனையில், அந்த கேபிளிலிருந்து வைஃபை தரும் ஓர் அக்சஸ் பாயிண்ட்டும்தான் உங்கள் வீட்டுக்குத் தேவை. ஆனால் அதற்கும் பணத்தை எடுக்குமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

மீட்டிங் அறுகிற அதே சாயங்கால நேரத்தில் லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டு போங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் லேன் துளையில் கேபிளைச் செருகி ஒரு மீட்டிங் நடத்திப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஓடினால் லைன் மேல் குறையில்லை, வீட்டுக்குள் வைஃபையில்தான் கோளாறு. கேபிளிலும் அறுந்தால் எந்தப் பெட்டி வாங்கியும் பயனில்லை, சேவை நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். இன்னும் தெளிவாகத் தெரிய, மாடி அறையில் வைஃபையில் இருந்தபடி இரண்டு சாளரங்களில் பிங் கட்டளையை (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது) ஓட விடுங்கள்: ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1), இன்னொன்று வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. ரவுட்டருக்கான பதிலே நூறு, இருநூறு மில்லிவினாடி என்று குதித்தால் குற்றவாளி வைஃபை. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி மற்றது மட்டும் தடுமாறினால் சிக்கல் வீட்டுக்கு வெளியே, அல்லது லைன் நிரம்பி வழிகிறது. லைன் நிரம்புவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேகம் போதவில்லை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். உயர்தர வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். உங்களிடம் 300 இருக்கிறது. மீட்டிங்குக்கு வேண்டியது வேகமல்ல, இடைவெளி விடாத சீரான ஓட்டம். ஒரு வினாடி தடைப்பட்டால் யூடியூப் சமாளித்துக்கொள்ளும், ஏனென்றால் அது முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்திருக்கும். நேரடிப் பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

நம் ஊர் வரிசை வீடுகளின் அமைப்பு வைஃபைக்கு எதிரி. செங்கல் சுவர், இருபுறமும் சிமெண்டுப் பூச்சு, மாடிக்கும் கீழுக்கும் நடுவே இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். முன் ஹாலிலிருந்து பின் மாடி அறைக்குப் போகும் அலை இவை எல்லாவற்றையும் குறுக்காகக் கடக்க வேண்டும். போதாக்குறைக்கு ரவுட்டர் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வைஃபையை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டு, வேலை மேசையில் சிக்னல் எவ்வளவு என்று பாருங்கள். டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு (மைனஸ் 60, 55) வந்தால் மீட்டிங்குக்குப் போதும். மைனஸ் 75-ஐத் தாண்டி இறங்கிவிட்டால் அறுபடத்தான் செய்யும்.

சாயங்காலத்தில் ஏன் மோசமாகிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இடம், வலம், எதிர்வீடு என்று எல்லோரும் வேலை முடிந்து வந்ததும் அந்த மூன்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் பலவீனமாக இருப்பதால் உங்கள் லேப்டாப் தானாகவே 2.4-க்கு இறங்கி அந்த நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. வேலை அறைக்குள்ளேயே ஓர் அக்சஸ் பாயிண்ட் இருந்தால் கதை மாறிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பது அப்போது உங்களுக்குச் சாதகம்: அடுத்த வீட்டு இரைச்சல் உள்ளே வருவதையும் அதே சுவர்தான் தடுக்கிறது.

கொழுந்தன் சொன்ன எக்ஸ்டெண்டர், ஒருவர் சொல்வதைக் கேட்டு அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்லும் ஆள் மாதிரி. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஒரே சேனலில் எல்லாத் தகவலும் இரண்டு தடவை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது, தாமதம் கூடுகிறது. அதை மாடி அறையில் செருகினால் பலவீனமான சிக்னலைத்தான் வாங்கித் திருப்பித் தரும். மெஷ் செட் இதைவிட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் வயர்லெஸில் பேசிக்கொண்டால் அந்தப் பேச்சும் அதே கான்கிரீட் தளத்தைத்தான் துளைத்துப் போக வேண்டும். அவற்றை கேபிளில் இணைத்தால் அருமையாக வேலை செய்யும். சரி, கேபிள் இழுக்கத்தான் போகிறோம் என்றால் மூன்று பெட்டிக்கு ஏன் காசு?

அதனால் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் கோட்டை விடும் இடம் இது. கேட் 6 வாங்குங்கள், முழுச் செம்பு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், பெட்டியில் சிசிஏ என்று போட்டிருக்கும். அது வேண்டவே வேண்டாம், அதிலும் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும்போது அது சூடேறும், மின்னழுத்தமும் குறையும். கிகாபிட் வேகம் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு அதில் பாதிகூட ஆகாது. படிக்கட்டு ஓரமாக டிரங்கிங் (கேபிளை மறைக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டு ஏற்றலாம், பழைய போன் வயரோ ஆஸ்ட்ரோ டிவி கேபிளோ போன வழி இருந்தால் அதிலும் விடலாம். வெளிச்சுவர் வழியாகத்தான் போக முடியும் என்றால் வெயில் தாங்கும் வெளிப்புற கேபிளைக் கேளுங்கள், சாதாரண கேபிளின் உறை நம் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். கைதேர்ந்த வயர்மேன் ஒருவருக்கு இது அரை நாள் வேலை.

கேபிளின் முனையில், சுவரில் பொருத்தும் வகை அக்சஸ் பாயிண்ட் ஒன்றை வையுங்கள். டிபி-லிங்கின் ஒமாடா, யூபிக்விட்டி போன்ற தயாரிப்புகளில் இந்த வகை உண்டு. இதில் எனக்குப் பிடித்தது, அடியில் லேன் துளைகள் இருப்பது. வேலை லேப்டாப்பை அதில் நேரடியாக கேபிளில் இணைத்துவிடலாம். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி கிகாபிட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மீட்டிங் வைஃபையில் ஓடவே ஓடாது, வைஃபை போனுக்கும் பிரிண்டருக்கும் மட்டும். இந்தச் சாதனங்களுக்கு மின்சாரம் கேபிள் வழியாகவே போகும். அதற்கு, நெட்வொர்க் கேபிளில் மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பும் பிஓஇ இன்ஜெக்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள், சில மாடல்களில் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

சேவை நிறுவனம் தந்த ரவுட்டரை மாற்றத் தேவையில்லை. அது ஹாலிலேயே, ஆனால் டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் இருக்கட்டும். புதுச் சாதனத்தை அக்சஸ் பாயிண்ட் முறையில் ஓட விட்டால் போதும். பின்னாளில் ரவுட்டரையே மாற்ற ஆசைப்பட்டால், விஎல்ஏஎன் (ஒரே லைனை எண் கொடுத்துத் தனித்தனிப் பாதையாகப் பிரிக்கும் முறை) வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை ஃபைபர் லைனில் இணையம் விஎல்ஏஎன் 500-இல் வருகிறது, அதை அமைக்க முடியாத ரவுட்டரில் லைன் ஏறவே ஏறாது.

இனி கடைக்காரர் சொன்ன வைஃபை 7. நல்ல தொழில்நுட்பம்தான், 2024 ஜனவரியில் அதற்கான சான்றளிப்பு தொடங்கியது. ஆனால் அதன் பலன் கிடைக்க லேப்டாப்பும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பாவது வேண்டும். அலுவலக லேப்டாப் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைஃபை 6 தாராளம். பெட்டி மேல் உள்ள ஏஎக்ஸ் 3000 போன்ற எண்ணுக்கும் மயங்காதீர்கள். 2.4-இன் 574-ஐயும் 5-இன் 2402-ஐயும் கூட்டித் தோராயமாகப் போட்ட எண் அது. எந்த லேப்டாப்பும் இரண்டையும் சேர்த்து எடுக்காது.

அந்த 2402-இல் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, உங்கள் வட்டாரத்துக்கு மிக முக்கியமானது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில்தான் அந்த வேகம் வரும். 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு அகலம் வேண்டுமென்றால் பொதுவாக 52-க்கு மேற்பட்ட சேனல்களையும் தொட வேண்டும். 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் ரேடாரோடு பகிரும் சேனல்கள். ரேடார் அலை பட்டதாகச் சாதனம் நினைத்தால் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், அதே வகைச் சேனல் ஒன்றில் மறுபடி ஏறுமுன் குறைந்தது 60 வினாடி கவனித்துக் காத்திருக்க வேண்டும். நீங்கள் இருப்பதோ விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸ். அக்சஸ் பாயிண்ட்டில் சேனலைத் தானியங்கியில் விடாமல், 36-48 அல்லது 149-161 தொகுதியில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்திவிடுங்கள். நாடு எது என்று கேட்கும் இடத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது மலேசியத் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி, தரச் சான்று நிறுவனமான சிரிம் ஆகியவற்றின் சான்று உள்ளதா, உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள். இணையத்தில் இருபது வெள்ளி மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு இறக்குமதி பழுதானால் திருப்பிக் கொடுக்க ஆள் இருக்காது. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறாரா என்பதும் முக்கியம். பிறர் கணக்குகளைக் கையாளும் உங்களுக்கு, பழைய மாடல் தள்ளுபடியில் கிடைத்தாலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன சாதனம் ஆகாது. வைஃபையின் பூட்டு முறையாக டபிள்யூபிஏ3 இருக்கட்டும். வீட்டு சிசிடிவி, டிவி எல்லாம், வேலைச் சாதனங்களோடு சேராத கெஸ்ட் நெட்வொர்க்குக்குப் போகட்டும்.

லைன் நிரம்பி வழிவது பற்றிச் சொன்னேன் அல்லவா? பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் போன்கள் படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்கத்தைவிடக் குறைவு. அது நிரம்பினால் உங்கள் குரல் வரிசையில் நின்றுதான் வெளியே போகும். படங்கள் ஏறும் நேரத்தை இரவு பதினொன்றுக்கு மேல் மாற்றி வையுங்கள், செலவில்லாத மருந்து. அதிலும் தீரவில்லையென்றால் லைன் நிரம்பினாலும் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதி உள்ள ரவுட்டரைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

மிச்சப்படும் பணத்தில், ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். இடி மழையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் ரவுட்டர் மறுபடி ஏறச் சில நிமிடம் ஆகும், மீட்டிங் நடுவில் அது போதும் கெடுக்க. பிஓஇ இன்ஜெக்டரையும் ஹாலில் அதே யுபிஎஸ்ஸில் செருகிவிட்டால், மாடியில் உள்ள அக்சஸ் பாயிண்ட்டும் சேர்ந்து உயிரோடு இருக்கும்.