கேள்வி – பதில்: குவார்ட்டர்பேக்கின் விலை, ரன்னிங்பேக்கின் ஆயுள்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை ‘டிராஃப்ட்’ என்ற முறையில் அணிகள் எடுத்துக்கொள்கின்றனவாமே? அது ஐ.பி.எல். ஏலத்தைப் போன்றதுதானா? யார் தேறுவார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: ஏலத்தில் வீரருக்கு விலை கூறுவார்கள், டிராஃப்டில் விலைப்பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். எத்தனையாவதாக ஒருவர் எடுக்கப்படுகிறாரோ அதற்கேற்ப அவருடைய முதல் நான்காண்டுச் சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடும் என்பது 2011-ஆம் ஆண்டு ஒப்பந்தம் கொண்டுவந்த ஏற்பாடு.

மதிப்பீட்டின் பெரும்பகுதி, அணிகளின் தேர்வாளர்கள் கல்லூரி ஆட்டங்களை நேரிலும் பதிவுகளிலும் மீண்டும் மீண்டும் பார்ப்பதில்தான் நடக்கிறது. ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் ‘கம்பைன்’ என்ற சோதனை முகாமில் 40 கெஜ ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே எம்பிக் குதித்தல், பளு தூக்குதல் ஆகியவற்றைத் தொலைக்காட்சி விரிவாகக் காட்டுகிறது. அங்கேயே திரைக்குப் பின்னால் நடக்கும் மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் அணிகளுக்கு அவற்றைவிடப் பயனுள்ளவை என்பது என் கருத்து. 2000-ஆம் ஆண்டில் 40 கெஜத்தை 5.28 விநாடியில், மிக மந்தமாக ஓடிய டாம் பிரேடி 199-ஆவதாக எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) பட்டங்களை வென்றார். 2017-இல் அதே தூரத்தை 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்த ஜான் ராஸ் 9-ஆவதாக எடுக்கப்பட்டும் பெரிதாகச் சோபிக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு ஆராய்ந்தும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் அணிகள் அடிக்கடி ஏமாறுவது ஏன்?

பதில்: பந்தைக் கையில் வாங்கிய இரண்டு மூன்று விநாடிகளுக்குள் எதிரணியின் அமைப்பைப் படித்து, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்க வேண்டியவர் குவார்ட்டர்பேக். அந்தத் திறனை அளக்க நிறுத்துக்கடிகாரம் உதவாது. கல்லூரி ஆட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும் இடைவெளிகளும் தொழில்முறை ஆட்டத்தில் சுருங்கிவிடுகின்றன.

இதற்குச் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியைவிட நல்ல சான்று கிடைக்காது. 2021-இல் 12-ஆவது இடத்திலிருந்து 3-ஆவது இடத்துக்கு முன்னேறுவதற்காக, அந்த ஆண்டு உட்பட மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் விட்டுக்கொடுத்து ட்ரே லான்ஸ் என்பவரை அந்த அணி எடுத்தது. கல்லூரியில் அவர் முழுமையாக ஆடியிருந்தது ஒரே ஒரு பருவம். கணுக்கால் முறிவும் சேர்ந்துகொள்ள, நான்கே ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடிய நிலையில் 2023-இல் அவரை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டாலஸ் அணியிடம் கொடுத்துவிட்டார்கள். அவருடைய இடத்தைப் பிடித்தவர், அதே அணி 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டி. கல்லூரியில் நான்கு பருவங்கள் ஆடித் தேர்ந்தவர் அவர். 2024 பிப்ரவரியில் அணியை அவர் சூப்பர் பௌல் வரை கொண்டுசென்ற பருவத்தில் அவருடைய சம்பளம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

அணிகள் துணிந்து சூதாடுவதற்கும் இந்தச் சம்பளக் கணக்கே காரணம். நிலைபெற்ற குவார்ட்டர்பேக் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து, ஆறு கோடி டாலர் கொடுக்க வேண்டும். 2024-இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்போ சுமார் 25.5 கோடி டாலர்தான். மலிவான ஒப்பந்தத்தில் நல்லவர் ஒருவர் அமைந்துவிட்டால் மிச்சப் பணத்தில் ஏனைய இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். ஆயினும் முன்வரிசை வாய்ப்புகளுக்கு அணிகள் தகுதிக்கு மீறிய மதிப்பைத் தருகின்றன என்று பொருளியலறிஞர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்து காட்டினார்கள். அணி நிர்வாகிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: பந்தைச் சுமந்துகொண்டு ஓடும் ‘ரன்னிங்பேக்’ வீரரான சேக்வான் பார்க்லி ஒரே பருவத்தில் 2,005 கெஜம் ஓடிக் காட்டிய பிறகும் ‘முதல் சுற்றில் ரன்னிங்பேக்கை எடுக்காதே’ என்று சொல்வது நியாயமா?

பதில்: பார்க்லியின் கதையை இரு தரப்பும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டலாம். 2018-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் அசத்தினார்; 2020-இல் முழங்கால் தசைநார் கிழிந்தது; எதிரணியினரைத் தடுத்து வழி திறக்க வேண்டிய தடுப்பு வரிசை பலவீனமாயிருக்க, அதன் பின்னால் ஆறு பருவங்கள் ஓடினார்; நீண்டகால ஒப்பந்தம் கைகூடவில்லை. பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை 2024-இல் சேர்த்துக்கொண்டபோது, லீகின் மிகச் சிறந்த தடுப்பு வரிசைகளுள் ஒன்று அவருக்கு வாய்த்தது. நீங்கள் குறிப்பிடும் 2,005 கெஜமும் சூப்பர் பௌல் வெற்றியும் அந்தப் பருவத்தில் வந்தவை. திறமை அவருடையதே, ஆனால் அதை விளைய வைத்தது அவரை முதலில் எடுத்த அணியன்று.

ரன்னிங்பேக்கின் உடல் தாங்கும் மோதல்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், அவர் இடைவெளியைக் கண்டுபிடிக்கும் விதம், பிடியை உதறும் வலு, பந்தைப் பிடிக்கும் கை ஆகியவற்றோடு, கல்லூரியில் எத்தனை முறை பந்தைச் சுமந்து ஓடினார் என்பதையும் எண்ணிப் பார்க்கிறார்கள். 2022-இலும் 2024-இலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங்பேக்கும் எடுக்கப்படவில்லை. 2025-இல், ஒரே கல்லூரிப் பருவத்தில் 374 முறை பந்தைச் சுமந்த ஆஷ்டன் ஜென்டியை லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் ஆறாவதாகவே எடுத்துக்கொண்டது. தடுப்பு வரிசையைச் சீரமைக்காமல் முதலில் அவரை எடுத்தது சரியான முறையன்று என்பேன்.

கேள்வி: குவார்ட்டர்பேக்கின் உள்ளங்கையைக்கூட அளக்கிறார்களாமே?

பதில்: ஆம், விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். எட்டரை அங்குலக் கையுள்ள கென்னி பிக்கெட்டைப் பற்றி 2022-இல் பெரும் விவாதமே நடந்தது; இருந்தும் அவ்வாண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் அவர்தான்.