டிக்கெட் கிடைக்காத ஊர்கள்

கேள்வி: எனக்கு வயது 64. முழங்கால் மூட்டுத் தேய்மானம். வாசற்படி இறங்கினாலே வலிக்கிறது. ஊர் சுற்றும் ஆசை மட்டும் விடவில்லை. உட்கார்ந்தபடி படிக்க நல்ல பயணப் புத்தகங்கள் சொல்லுங்களேன். ஆங்கிலமும் நிதானமாகப் படிப்பேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, கால் நன்றாக இருப்பவர்களாலும் இன்று போக முடியாத இடங்களுக்குப் போகிற புத்தகங்களாக எடுங்கள். சிங்கப்பூரைப் பற்றிப் படித்தால் 'நம்மால் போக முடியவில்லையே' என்ற ஏக்கம்தான் மிஞ்சும். 1930களின் கப்பல் பயணத்துக்கு யாருக்குமே டிக்கெட் கிடையாது.

அங்கே கூட்டிப்போக பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் இருக்கிறார். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம், 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு வந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் படத்தை வெளியிட்டார். அந்த அலைச்சலின் கதைதான் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. சின்னச் சின்ன வாக்கியங்கள், துளி அலட்டல் இல்லை.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், ஆப்ஸ்லி செர்ரி-கெரார்டு 1922இல் வெளியிட்ட 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்'. 1911இல், அண்டார்க்டிகாவின் சூரியனே எழாத குளிர்காலத்தில், பென்குயின் முட்டைக்காக மூன்று பேர் ஐந்து வாரம் பனிச்சறுக்கு வண்டி இழுத்த கதை அதில் இருக்கிறது. அந்த மூவரில் ஒருவர் செர்ரி-கெரார்டு. ஒரு நாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர், சுற்றிப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான், பதினைந்து விநாடிக்குள் உடுப்பு பலகை மாதிரி உறைந்துவிட்டது. தலையைக் குனிய முடியவில்லை. நிமிர்ந்த தலையோடு நாலு மணி நேரம் வண்டி இழுத்தார்! கடைசியில் ஊர் வந்து சேர்ந்தவை மூன்றே முட்டைகள். அந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தடிமனான புத்தகம், மடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். முழுசும் படிக்க மலைப்பாக இருந்தால், குளிர்காலப் பயணம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள்.

அப்புறம், எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. 1971இல் வந்தது. உங்கள் ஊர் ஆறுதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். தலைக்காவேரியிலிருந்து கடல் வரை அவர்கள் பார்த்த காவிரியை இன்று கரையில் போய் நின்றாலும் பார்க்க முடியாது. அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர் நீங்கள். அவர்கள் எழுதாமல் விட்ட படித்துறைகள்கூட உங்களுக்கு ஞாபகம் வரும். வந்தால் எனக்கு எழுதுங்கள் அம்மா.